இருபத்தைந்து சென்டிமீட்டர் தண்ணீர்

அதிமதுரத் தண்ணீரை
முதுகில் சுமந்து விற்று விற்றே
குடல் இறங்கிப்போன மனிதர்
இன்று என் முதல் கேஸ்.

தியார்பக்கிர். கறுப்புக் கல் மதில்களின் ஊர்.
மார்தின் வாசலிலிருந்து மலைவாசல் வரை
முப்பத்தோரு வருஷம்
தொண்டைத் தண்ணி வற்றக் கூவித்
தெருவின் தொண்டையை நனைத்தவர்.
ஷெய்முஸ். பித்தளைக் குடத்தை
மருமகனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.
"நோன்புக்கு இன்னும் பதினோரு நாள்.
வயிற்றைத் தையுங்கள். குரலைத் தொடாதீர்கள்."

மயக்க மருந்து டாக்டர் துலாய் சிரிக்கவில்லை.
"குழாய் ஒன்று உள்ளே போகும்.
எழுந்ததும் சிலருக்கு
முள் விழுங்கியதுபோல் இருக்கும்,
ஒரு நாள், இரண்டு நாள்.
எங்களால் ஆனதைச் செய்வோம்.
சத்தியம் செய்ய மாட்டேன்."

எங்களால் ஆனது:
எட்டாம் எண் குழாய்க்குப் பதில் ஏழு.
பிறகு, ஒரு காகிதக் கோப்பையில்
கொப்பளித்துத் துப்பக் கொஞ்சம் கஷாயம்.

முகர்ந்தார். முகம் மாறியது.
"இது என் சரக்கு."
"ஆமாம்."
"விழுங்கக் கூடாதா?"
"வெறும் வயிறு வேண்டும். அதோடு
இதைக் குடித்துக் குடித்தே
உங்கள் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது."
"மீந்ததைக் கொட்டவா முடியும்?" என்றவர்
கோப்பையைத் திருப்பி நீட்டினார்.
இதைத் துப்பிய எவனுக்கும்
அவர் மறுபடி ஊற்றியதில்லையாம்.

மணி எட்டு ஐந்து.
சக்கரக் கட்டில் கதவருகே காத்திருக்கிறது.
எனக்கு வாதாடத் தெரியாது,
என் வேலை அளவுகள்.
இருந்தும் சொன்னேன்:
நோன்பு நாளில் உளூ செய்வீர்களே,
தாகம் நாக்கில் நிற்க,
தண்ணீரை வாயில் சுழற்றி
ஒரு சொட்டும் உள்ளே விடாமல்...

போதும் என்று கை காட்டினார்.
அண்ணாந்தார்.
தொண்டைக்குள் ஒரு சின்னக் கெட்டில் கொதித்தது.
முப்பது விநாடி. அறுபது.
நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை.
பிறகு தட்டில்
மிக மெதுவாக, ஊற்றுவதுபோல் துப்பினார்.

மயங்கினார்.
ஒரே முயற்சியில் குழாய் இறங்கியது.
அதன் முனையில் ஒரு பலூன் உண்டு,
பக்கவாட்டில் காற்று ஒழுகாதிருக்க.
விரலால் அமுக்கிப் பார்த்து
"சரியாகத்தான் இருக்கு" என்பவர்களோடு
ஒன்பது வருஷம் வேலை பார்த்திருக்கிறேன்.
விரல் பொய் சொல்லும்.
மானியை மாட்டினேன். நாற்பத்தெட்டு.
மூச்சுக்குழலின் உள்தோலில்
ரத்தம் ஓட வழியில்லாமல் வெளுக்கிற அளவு.
காற்றை விட்டேன். முப்பத்தைந்து. முப்பது.
இருபத்தைந்து.

இந்த அழுத்தத்தை
தண்ணீரின் உயரத்தால்தான் அளக்கிறோம்.
இருபத்தைந்து சென்டிமீட்டர் தண்ணீர்:
ஒரு சாண், இன்னும் கொஞ்சம்.
நுரை எழும்ப அவர் ஊற்றும்போது
குடத்தின் மூக்குக்கும் டம்ளருக்கும் நடுவே
அதைவிட அதிக உயரம் இருக்கும்.

அரை மணிக்கொரு முறை பார்த்தேன்.
யாரும் கேட்கவில்லை.
குடலிறக்கத்தைத் தைத்தவர் பெயர் கோப்பில் ஏறும்.
வராத வலியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கண் திறந்தார்.
விழுங்கிப் பார்த்தார். மறுபடி விழுங்கினார்,
கடையைப் பூட்டியபின்
பூட்டை ஆட்டிப் பார்ப்பவர்போல்.
முள் இருக்கிறதா என்றேன்.
"கொஞ்சம் மணல்." குரல் கரகரத்தது.
"முள் இல்லை."
பிறகு விரலசைத்து அருகில் அழைத்தார்.
"அதை ஊறவைத்தது யார்?"
மருந்தகம், என்றேன்.
"ஒரு ராத்திரி பற்றாது. சொல் அவர்களிடம்.
வேரை முதலில் நாராகக் கிழிக்க வேண்டும்."

சொல்கிறேன் என்றேன்.
காலையில் வைத்த தட்டு
கழுவாமல் கிடந்தது.
ஓரத்தில் நுரை
பழுப்பாகக் காய்ந்திருந்தது.